அப்பாவின் லைன்: செங்கோட்டையிலிருந்து அம்பநாடு வரை நான்கு பாண்டுகளோடு

முதல் நாள் – செங்கோட்டை

செல்போனில் பேங்க் மெசேஜ் சத்தம் கேட்டதும் அம்மா சொல்வது, "அப்பா அனுப்பிட்டாங்க."

அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. எல்.ஐ.சி. ஏஜெண்டுகளின் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியும். ஏஜெண்ட் இறந்தாலும் அவர் பிடித்த பாலிசிகளுக்கு ஆட்கள் பிரீமியம் கட்டக் கட்ட, ரினீவல் கமிஷன் வாரிசுக்கு வந்துகொண்டே இருக்கும். முதல் வருஷம் போல அள்ளிக் கொடுக்கிற கமிஷன் இல்லை. நாலாம் வருஷத்திலிருந்து நூற்றுக்கு அஞ்சு. அந்த அஞ்சஞ்சு ரூபாய்களைச் சேர்த்துத்தான் அப்பா மாசாமாசம் 'அனுப்புகிறார்'. அம்மா தொகையைக் காலண்டரில் குறித்து வைக்கிறாள். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் குறைகிறது. எங்கோ ஒரு பாலிசி முதிர்ந்து யாரோ ஒருவர் கைக்கு மொத்தமாகப் பணம் போயிருக்கிறது என்று அர்த்தம். "இன்னொருத்தருக்கு முடிஞ்சுது" என்பாள், சந்தோஷமா வருத்தமா என்று தெரியாத குரலில்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அப்பாவின் டிரங்குப் பெட்டி. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் கூரை ஒழுகும், கரையான் வரும் என்று சிலர் பாலிசிப் பாண்டை அப்பாவிடமே கொடுத்து வைத்திருந்தார்கள். பெட்டியை ஒழித்தபோது நான்கு பாண்டுகள் அகப்பட்டன. தபாலில் அனுப்பலாமே என்றேன். "அப்பா எதையாவது தபால்ல அனுப்பி நீ பார்த்திருக்கியா?" என்றாள் அம்மா. லீவு போட்டுச் சென்னையிலிருந்து வந்துவிட்டேன்.

நான்காவது பாண்டுதான் எனக்கு முக்கியம். 28-7-1993 தேதியிட்ட இருபது வருஷ எண்டோமெண்ட், இருபத்தைந்தாயிரம் ரூபாய், அம்பநாட்டு முகவரி. 2013இல் முதிர்ந்திருக்க வேண்டும். பாண்டு இங்கே கிடக்கிறதென்றால் பணத்தை வாங்கவே இல்லையோ? பத்து வருஷமாக யாரும் கேட்காத பணம் முதியோர் நல நிதிக்குப் போய்விடும் என்பார்கள். அப்படிப் போயிருந்தாலும் மனு போட்டால் ஏதாவது வழி இருக்கும். ஏஜெண்ட் மகளுக்கு இதெல்லாம் கை அரிக்கிற விஷயம்.

"அதைக் கடைசியா வச்சுக்கோ" என்றாள் அம்மா.

அப்பா பிறந்தது 1956 செப்டம்பர் நாலாம் தேதி. எல்.ஐ.சி. தொடங்கியது அதே மாதம் முதல் தேதி, 245 கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்து. "எனக்கு மூணு நாள் மூப்பு" என்று சொல்லிக்கொள்வார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நவம்பர் முதல் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் "ரெண்டாம் மாசமே மாநிலம் மாறினவன் நான், எனக்கு எதுக்குவே பார்டர்?" என்பதும் அவர் வசனம். ஊர் நுழைவு வளைவில் திருவிதாங்கூர்ச் சங்கு இன்னும் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் அவர் லைன் தொடங்கும்: புளியரை, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர். மலையாள எழுத்தை டீக்கடைப் பேப்பரில் கற்றுக்கொண்டார்.

ஊரில் எல்லோருக்கும் எல்.ஐ.சி. அண்ணாச்சி. மாதத்தில் இருபது நாள் வெளியே. ஆனாலும் அவரைக் குடும்பத்து மனுஷன் என்று சொல்ல எனக்கு ஒரு சாட்சி போதும். நான் பெரியவளானது 1996 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை. அப்பா லைனுக்குக் கிளம்பிப் பையோடு திண்ணைக்கு வந்துவிட்டார். அம்மா உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். பை திண்ணையிலேயே இருந்தது, பதினாறு நாளும். ஓலை கட்டியது, தண்ணீர் இறைத்தது, சமையல்காரரிடம் பேரம் பேசியது எல்லாம் அப்பா. பள்ளியில் சிநேகிதிகளிடம் பெருமையடித்திருக்கிறேன்: "எங்கப்பா பதினாறு நாளும் லைனுக்கே போகல தெரியுமா?"

நாளைக்கு ரயில். அம்மா நான்கு பாண்டையும் எண்ணிப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, மேலே ஒரு நூல் சுற்றியிருக்கிறாள்.

இரண்டாம் நாள் – ஆரியங்காவு, புனலூர்

ஆடிச் சாரல். சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கிறது என்று மலையாளத்துக் கார்கள் வரிசையாக இறங்குகின்றன. நான் எதிர்த்திசையில் ஏறுகிறேன்.

அப்பா போனது மீட்டர்கேஜில். 1904இல் போட்ட பாதை. 2010இல் அதை நிறுத்தினார்கள், 2018இல்தான் அகலப்பாதை முழுசாகத் திறந்தது. இடைப்பட்ட எட்டு வருஷம் அப்பாவுக்குப் பஸ். கோட்டைவாசல் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வசூலுக்குப் போனார். வசூல் என்கிறேன்; உண்மையில் அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பிரீமியம் வாங்குவது ஏஜெண்டின் கடமையே அல்ல. ரசீது போடும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. ஆனால் மலைமேல் இருக்கிறவன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் தென்காசி கவுண்டரில் வந்து நிற்பானா? அப்பா வாங்கி வந்து, வரிசையில் நின்று கட்டி, அடுத்த மாதம் ரசீதைக் கொண்டுபோய்க் கொடுப்பார். முழுக்க நம்பிக்கையில் நடந்த காரியம்.

குகைக்குள் ரயில் நுழைந்ததும் குழந்தைகள் கூவின. நானும் மெதுவாகக் கூவிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வயது.

ஆரியங்காவில் டீக்கடைக்காரர் பாண்டை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "சாரின்டெ மோளாணோ!" என்று ஆரம்பித்து, தமிழும் மலையாளமும் கலந்து ஒரே பேச்சு. முதல் வருஷக் கமிஷனில் பாதி கொடுத்தால் பாலிசி எடுக்கிறேன் என்று இவர் அந்தக் காலத்தில் கேட்டாராம். எல்லோரும் கேட்பதுதான், சட்டப்படி அது குற்றம். அப்பா சொன்ன பதில்: "கமிஷன்ல பங்கு கேட்டா தர்றேன். நாளைக்கு மழையில நான் நனைஞ்சு வாறப்போ அதுலயும் பாதி நனையணும், சம்மதமா?" அப்புறம் மூன்று பாலிசி எடுத்திருக்கிறார்.

"ஒரு காரியம் மட்டும் சார் எப்பவும் பறையும். மூணு வருஷம் கெட்டணும். மூணு வருஷம் கெட்டினாத்தான் பாலிசிக்கு உயிரு."

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் ஆயிரம் தடவை கேட்ட வாக்கியம். மூன்று வருஷப் பிரீமியம் நிரம்புவதற்குள் நிறுத்தினால் கட்டிய காசு போனது போனதுதான். நிரம்பிவிட்டால் அப்புறம் நின்றாலும் கட்டியதற்கு ஏற்ப ஏதாவது மிஞ்சும். அந்தக் கால பாலிசிகளுக்கு அதுதான் கணக்கு.

சாஸ்தா கோவிலில் கூட்டமில்லை. மதுரைச் சௌராஷ்டிரர்கள் பெண்வீட்டுக்காரர்களாக வந்து ஐயனுக்குத் திருக்கல்யாணம் நடத்துகிற கோவில். மலைக்கு அந்தப் பக்கம் பெண், இந்தப் பக்கம் மாப்பிள்ளை. அப்பாவின் கிளையண்ட் பட்டியலும் ஏறக்குறைய அப்படித்தான்.

புனலூர் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. ரிட்டயரான வாத்தியார், பாண்டை வாங்கி நம்பரைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு ஒரு ஒப்புகைச் சீட்டும் கொடுத்தார். டீ இல்லை. இவரை மாதிரி ஆட்களைத்தான் அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மிச்ச நேரத்தில் தொங்குபாலம். கல்லடையாற்றுக்கு மேலே 1877இல் ஆல்பர்ட் ஹென்றி என்ற இஞ்சினியர் கட்டியது. இப்போது நடந்து போக மட்டும். கட்டி முடித்ததும் ஜனங்கள் பயந்தார்களாம். ஆறு யானைகளைப் பாலத்தில் நடத்தி, கீழே ஒரு படகில் தன் குடும்பத்தோடு இஞ்சினியர் போனார் என்று ஊரில் ஒரு கதை. என்னை ஏழாவது வயதில் இங்கே கூட்டிவந்த அப்பா, கதையைச் சொல்லிவிட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அவனுக்குப் பாலத்து மேல நம்பிக்கை, பொண்டாட்டி புள்ளையைக் கீழ உக்காத்தி வச்சான். நமக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. அதான் பாலிசி."

மூன்றாம் நாள் – குளத்துப்புழை

பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிய தமிழைக் கேட்டு நிமிர்ந்தேன். நெல்லைத் தமிழ் இல்லை, மலையாளத் தமிழும் இல்லை. கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பேச்சு.

1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதிக்கு இந்தக் காட்டில் ரப்பர் வைத்து வேலை கொடுத்தார்கள். அதற்கென்றே 1976இல் புனலூரில் ஒரு அரசாங்கக் கம்பெனி. பெயரிலேயே மறுவாழ்வு உண்டு.

அப்பாவின் பழைய டைரிகளில் இந்த ஊர்ப் பக்கங்களில் எல்லாம் ஒரே புலம்பல்: 'வயசு சான்று இல்லை', 'வயசு சான்று?', 'மறுபடி வயசு'. புரப்போசலில் வயதைப் போடாமல் பிரீமியம் கணக்குப் போட முடியாது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடம் எந்தச் சான்றிதழைக் கேட்பது? கடைசியில் கண்டியில் வாங்கிய இந்திய பாஸ்போர்ட்டைத் தேடி எடுக்கச் சொல்வாராம்.

பாண்டுக்காரர் அந்த பாஸ்போர்ட்டை எனக்குக் காட்டினார். ஐந்து வயதுப் பையனாக அம்மா மடியில் ஒரே போட்டோ. "எங்கம்மா, இது நம்மள அனுப்புன சீட்டுடா, கிழிச்சுப் போடுன்னா. உங்கப்பா வந்து பார்த்துட்டு, இதுதான் உன் ஜாதகம், லாமினேஷன் பண்ணி வைன்னார்."

லாமினேஷன் பண்ணியிருக்கிறார்.

மத்தியானம் கப்பையும் மீன்குழம்பும். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. சாப்பிடும்போது அவர் மனைவி சொன்னது: அப்பா இந்த வீட்டில் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை, கட்டுச்சோற்றைத் திண்ணையில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மோர் மட்டும் வாங்கிக் குடிப்பார். காரணம் கேட்டதற்கு, "என் பொண்டாட்டி தூக்கைத் திறந்து பார்ப்பா. மிச்சம் இருந்தா அடுத்த நாள் கட்டித் தர மாட்டா" என்றாராம்.

அம்மா அப்படிப்பட்டவள் அல்ல. இருபது வீட்டில் ஏறி இறங்குகிறவர் எந்த வீட்டுக்கும் பாரமாகக் கூடாது என்று வைத்திருந்த சாக்கு. ஆனால் இந்த லைன் முழுக்க எங்கம்மா ஒரு ராட்சசி என்று நம்பிக்கொண்டிருக்கிறது போல. இதை இன்று போனில் அவளிடம் சொன்னபோது வெகுநேரம் சிரித்தாள்.

நான்காம் நாள் – அம்பநாடு

கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தடியில் இறங்கி ஜீப்புக்காகக் காத்திருந்தேன். கல்லில் கட்டின பதிமூன்று வளைவு, மேலே ரயில், கீழே ரோடு. செல்பி எடுக்கிற கூட்டம். ஜீப்பில் எட்டு பேர் இடத்தில் பதினாலு பேர். மேலே ஏற ஏற ரப்பர் முடிந்து தேயிலை வந்தது. கொல்லம் ஜில்லாவில் தேயிலை என்றால் வெளியூரில் யாரும் நம்ப மாட்டார்கள். நடுநடுவே கிராம்பு மரம். காலில் இரண்டு அட்டை.

லயத்தில் மூன்றாவது கதவு. அறுபது தாண்டிய அம்மா, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். "ஓ" என்றார். அவ்வளவுதான். மற்ற வீடுகளில் நடந்த எதுவும் இங்கே நடக்கவில்லை.

நான் பாட்டுக்குப் பேசினேன். பாண்டு எங்களிடம் இருந்தது, 2013இலேயே முதிர்ந்திருக்கும், மனு எழுத நான் உதவி செய்கிறேன். பாண்டை நீட்டினேன். வாங்கவில்லை. இடிப்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

"இது செத்த பாண்டு மோளே."

அவர் புருஷன் பெயரில் எடுத்த பாலிசி. அரையாண்டுத் தவணை, அறுநூற்றுச் சில்லறை. ஐந்து தவணை கட்டியாயிற்று. ஆறாவது 1996 ஜனவரி 28. அதற்கு மேல் ஒரு மாதம் கெடு உண்டு. எஸ்டேட்டில் சம்பளம் பத்தாம் தேதி. அப்பா எப்போதும் சம்பளத்துக்கு மறுநாள் காலையில் வந்து நிற்பார். காசு சாராயக்கடைக்குப் போவதற்குள் வந்துவிடவேண்டும் என்பது அவருக்கும் இந்த அம்மாவுக்கும் இருந்த ஒப்பந்தம்.

"அந்த மாசம் வரல. நானும் மடியில முடிஞ்சு வச்சு ரெண்டு நாள் பார்த்தேன். மூணாம் நாள் அந்த மனுஷன் அடிச்சுப் பிடுங்கிட்டுப் போயிட்டான். மாசக் கடைசியிலதான் உங்கப்பா ஓடி வந்தாரு. என்கிட்ட காசில்ல, அவருகிட்டயும் இல்ல. வீட்ல விசேஷம், கையில இருந்ததெல்லாம் செலவாயிட்டுன்னாரு. பரவால்ல, பத்தாம் தேதி வட்டியோட கட்டிப் புதுப்பிச்சுக்கலாம்னு சொல்லிட்டுப் போனாரு."

மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தனியார் தோட்டத்தில் கிராம்பு பறிக்கக் கூலிக்குப் போன மனுஷன் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். கெடு முடிந்து நாலு நாள். மூன்று வருஷமும் நிரம்பவில்லை. பாண்டு விதிப்படி ஒரு ரூபாய் வராது.

"உங்க வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்டார் அந்த அம்மா. இருபத்தொன்பது வருஷமாகத் தெரியாதாம். அப்பா சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை.

எனக்குத் தொண்டை அடைத்தது. சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, நீயா?" என்று சிரித்தார். நிஜமாகவே சிரிப்புத்தான், குத்தல் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உங்கப்பா இங்கதான், நீ உக்காந்திருக்க இடத்துல உக்காந்து அழுதாரு. எப்பப் பேசினாலும் ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டான்னுதான் பேசுவாரு. அன்னிக்கு ஒண்ணும் பேச வரல. எனக்கு ஆத்திரம். செத்தது என் புருஷன், அடுப்புல தண்ணி வச்சு அவருக்கு டீ போட்டுக் குடுக்கறது நானு. பாண்டை மூஞ்சில எறிஞ்சேன். நீயே வச்சுக்கன்னு சொன்னேன். பொறுக்கிட்டுப் போனாரு."

அடுத்த மாதமும் வந்தாராம். அதற்கடுத்த மாதமும். பணம் கொடுத்தார், "வாங்கிக்கிட்டேன், ஏன் வாங்க மாட்டேன்? ரெண்டு புள்ளைங்க." ஒரு வருஷம் கழித்து, இனி வேண்டாம் என்று இவரே நிறுத்தினாராம். 1999இல் அப்பாவைக் கூப்பிட்டுத் தன் பெயரில் ஒரு பாலிசி எழுதச் சொன்னார். "தேதி தப்பினா கழுத்தைப் பிடிப்பேன்னேன். இருபது வருஷம், ஒரு தடவ தப்பல. மழையில ரோடு அறுந்தப்பக்கூட நடந்து வந்தாரு. அந்தக் காசுலதான் மக வீட்டுக்குக் கான்கிரீட் போட்டது."

அப்பாவை மன்னித்துவிட்டீர்களா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அது சினிமாவில் கேட்கிற கேள்வி. பாண்டை என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தார். தமிழும் மலையாளமும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பாராம், பாண்டில் இருந்ததோ இங்கிலீஷ். புருஷன் பெயர் எங்கே, தன் பெயர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். நாமினி என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் எழுந்து உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வந்தார்.

"டீ குடிக்கிறியா?"

குடித்தேன்.

கழுதுருட்டியில் கடைசி பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அன்னிக்கு அப்பா பையைத் தூக்கிக்கிட்டுத் திண்ணை வரைக்கும் வந்தாங்கல்லம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "வாசப்படி இறங்கிட்டாங்க" என்றாள். "ஒரே நாள், அம்பநாடு மட்டும் போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துடறேன்னாங்க. நாந்தான் விடல. வயசுக்கு வந்த புள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு ஆம்பள இப்ப வெளிய போறதாவதுன்னு சத்தம் போட்டேன்."

பஸ் வெளிச்சம் வளைவில் தெரிந்தது.

"பாண்டை வாங்கிக்கிட்டாளா?" என்று கேட்டாள் அம்மா.